வணிகர் தபாலும் பட்டைக் குறியும்

சென்ற ஆண்டு நம் கல்லூரி மலரைப் பழைய மாணவர்க்கு அனுப்பும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பழைய பதிவேட்டைத் திறந்து, அதிற் கண்ட முகவரிகளை அவ்வாறே உறைகளின்மேல் எழுதுவித்து, ஒருநாள் மாலையிலே கட்டுக்கட்டாகத் தபாலிற் சேர்ப்பித்தோம். மூன்று வாரத்திற்குள் ஒரு சிறு கட்டு எம்மிடமே திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்தவற்றுட் பெரும்பாலானவை இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் போகவேண்டியவை. தபால் இலாகாவைக் குறைகூற வாய்திறக்குமுன் உறைகளைப் புரட்டிப் பார்த்தோம். குற்றம் எம்முடையதே. ஒன்றில் 'இராமநாதபுரம் ஜில்லா' என்றிருந்தது. மற்றொன்றில் 'காமராசர் மாவட்டம்' என்றிருந்தது. வேறொன்றிலோ பெயருக்கும் 'சத்திரப்பட்டி' என்னும் ஊருக்கும் மேல் யாதும் இல்லை. ஆறு இலக்க எண் ஒன்றிலேனும் காணப்படவில்லை.

அதே வாரத்தில், இராஜபாளையத்திலே துணி வியாபாரம் செய்துவரும் எம் பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். திரும்பிவந்த கட்டைக் கண்டு நகைத்தபின், தம் குறையைச் சொல்லலானார். மாதந்தோறும் விலைப்பட்டியும் பில்லும் துணி மாதிரியுமாகப் பல நூறு உறைகள் அவர் கடையிலிருந்து புறப்படுகின்றனவாம். "ஐயா, எடை ஒன்றே, போகும் ஊரும் ஒன்றே, ஆயினும் ஒருவரிடம் ஒரு விலையும் மற்றொருவரிடம் வேறொரு விலையும் வாங்குகிறார்கள். இது நியாயமா?" என்று கேட்டார். அன்று எம்மால் தக்க விடை சொல்லக் கூடவில்லை. பின்னர் விதிகளைத் தேடிப் படித்தோம். அவ்வாறு படித்ததில் எமக்குத் தெளிவானவற்றை, வாணிகத்திற் புகவிருக்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

ஒரு கடிதத்திற்கு நாம் கொடுக்கும் கூலி எதற்காக என்பதே முதலில் அறியவேண்டுவது. தூரத்திற்காக என்றே பலரும் எண்ணுவர். கும்பினியார் காலத்திலே அப்படித்தான் இருந்தது. ஊருக்கு ஊர் கணக்கிட்டுக் கூலி விதித்தனர். இங்கிலாந்திலே ரோலண்டு ஹில் என்பார் 1837-இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் இக்கருத்தைத் தகர்த்தார். ஒரு கடிதத்தை வண்டியிற் கொண்டுசெல்லும் செலவு மிகச் சிறிது என்றும், அதனை வாங்கி, கூலி கணக்கிட்டு, பிரித்து, மீண்டும் பிரித்து, வாசலில் நின்று காசு வசூலிப்பதிலேயே செலவெல்லாம் போகின்றது என்றும் அவர் கணக்குக் காட்டினார். ஆகவே முன்பணமாக, எல்லாத் தூரத்திற்கும் ஒரே கூலி என்னும் முறை 1840-இல் அங்கே ஏற்பட்டது. நம் நாட்டிலே 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் முதல், கால் தோலா எடையுள்ள கடிதம் எவ்வளவு தூரம் போயினும் அரையணா என்று ஆயிற்று. கால் தோலா என்பது ஏறக்குறைய 3 கிராம். மெல்லிய தாள் ஒன்றை மடித்து அனுப்பினால் அதற்குச் சரியாகும். நம் பாட்டனார் காலத்துக் கடிதங்கள் தாளின் ஓரம்வரை நெருக்கி எழுதப்பட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

இங்கே ஒரு சிறு செய்தி. இராஜபாளையத்திற்கு மேற்கே மலையைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே சமஸ்தானத்தாரே தமக்கென ஒரு தபால் இலாகாவை நடத்தினர். அதன் பெயர் 'அஞ்சல்'. சலங்கை கட்டிய கோலேந்திய அஞ்சலோட்டக்காரர் வரும்போது வழிவிட்டு ஒதுங்குவது மரபு. 1951-இல் அவ்விலாகா இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது. இன்று நாம் தூய தமிழாக வழங்கும் 'அஞ்சல்' என்னும் சொல் நெடுங்காலம் நம் எல்லைக்கு அப்பால் ஓர் இலாகாவின் பெயராக வழங்கியது என்பதை நம் மாணவர் பலரும் அறியார். மலைக்கு இப்பால், 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ரயில் வழியில் அமைந்தன.

நம் வியாபாரியின் கேள்விக்கு விடை ஹில் துரையின் கணக்கிலேயே இருக்கின்றது. செலவு தூரத்திலன்றிக் கையாள்வதில் இருக்குமாயின், கையாளும் வேலையில் ஒரு பங்கை அனுப்புவோன் தானே செய்துகொடுத்தால், அப்பங்குக்குரிய கூலியை அவனுக்குக் கழித்துக் கொடுப்பதே முறை. ஆயிரம் உறைகளை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகின்றவனும், அவற்றை ஊர்வாரியாக அடுக்கி, முகவரிகள் ஒரே பக்கம் பார்க்குமாறு கட்டி, கட்டின்மேற் சீட்டு வைத்து, உள்ளிருப்பதன் பட்டியலையும் கொடுப்பவனும் ஒருவரல்லர். இரண்டாமவன் தபாற் குமாஸ்தாவின் வேலையைச் செய்திருக்கின்றான். மொத்தமாகத் தபால் அனுப்புவோர்க்குக் காட்டும் சலுகை தருமமன்று. அவர் செய்த வேலைக்குக் கொடுக்கும் கூலி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1976 முதற்கொண்டே, முன்கூட்டிப் பிரித்துக் கொடுக்கும் வணிகர் கடிதங்களுக்குக் குறைந்த கூலி வாங்கி வருகின்றனர். இதனை மனத்திற்கொண்டு விதிகளைப் படித்தால், வீண் தொல்லையாகத் தோன்றிய பலவும் பொருளுடையனவாகக் காணப்படும்.

அவ்வேலைகளுள் முதலாவது, எந்த ஊர் என்பதைப் பிழையறச் சொல்லுதல். இது எளிதென்று எண்ணற்க. ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டபோது அதனோடு சேர்க்கப்பட்டது. 1985-இல் காமராசர் மாவட்டம் பிரிந்தபோது அதன்கண் வந்தது. அம்மாவட்டமே 1997-இல் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஊர் அசையவில்லை, ஆண்டாள் கோயிற் கோபுரமும் அசையவில்லை, ஜில்லாவின் பெயர்தான் மூன்றுமுறை மாறிற்று. ஆங்கிலத்தில் அவ்வூர்ப் பெயரை எழுதும் வகைகளையோ எண்ணி முடியாது. சத்திரப்பட்டியின் கதை இன்னும் சிக்கலானது. இராஜபாளையத்தின் பக்கத்திலே காயத்திற்குக் கட்டும் துணியை நெய்து நாடெங்கும் அனுப்பும் சத்திரப்பட்டி ஒன்று. மதுரைப் பக்கத்தில் ஒன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் மற்றொன்று. சத்திரம் கட்டிய புண்ணியவான்கள் நம் நாட்டில் மிகுதி. அதன் பலனைத் தபாற்காரர் அனுபவிக்கின்றார்.

இத்தொல்லைக்கு மருந்தாகவே 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பின்கோடு என்னும் ஆறு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. அதனை அமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தபால் இலாகாவின் உயர் அதிகாரியாக இருந்த அவர் வடமொழிப் புலவருமாவார். பல மொழியும் பல எழுத்தும் வழங்கும் நாட்டில், எல்லார்க்கும் பொதுவாகிய எழுத்து எண்ணே என்பதை அவர் நன்கு உணர்ந்திருக்க வேண்டும். நாட்டை எட்டு மண்டிலமாகவும், படைவீரர் தபாலை ஒன்பதாவதாகவும் வகுத்தார். முதல் இலக்கம் மண்டிலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு. இரண்டாவது அதன் உட்பிரிவு. முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் வட்டாரம். கடைசி மூன்றும் தபாலைப் பட்டுவாடா செய்யும் ஆபீசு. இராஜபாளையம் 626117, ஸ்ரீவில்லிபுத்தூர் 626125, சிவகாசி 626123. மூன்றிற்கும் 626 பொதுவாக இருத்தலைக் காண்க. டெல்லியிலே பிரிப்பவர்க்கு முதல் இலக்கம் ஒன்றே போதும். சென்னையிலிருப்பவர் முதல் மூன்றைப் பார்ப்பார். விருதுநகர் வட்டாரத்திற்கு வந்தபின்னரே கடைசி மூன்றுக்கு வேலை. இடமிருந்து வலமாகப் படிக்கப் படிக்க ஊர் நெருங்கி வருகின்றது.

ஆகவே நூற்றுக்கணக்கில் அனுப்பும் வணிகன், முகவரிப் பட்டியலை இந்த எண்ணின் ஏறுவரிசையில் அமைத்துவிட்டு அச்சிட்டால், உறைகள் அச்சாகும்போதே ஊர்வாரியாக அடுக்கப்பட்டுவிடும். தனியாகப் பிரிக்கவேண்டிய வேலையே இல்லை. இதனைச் சொன்னபோது எம் வியாபாரி சற்று நேரம் பேசாதிருந்தார். அதுகாறும் அவர் கடையில் வாடிக்கையாளரின் பெயரை அகரவரிசையில் அச்சிட்டு, பின்னர் இரண்டு பையன்களை உட்காரவைத்துப் பிரித்து வந்தனராம்!

இரண்டாவது செய்தி எடை. சாதாரணக் கடிதத்திற்கு 20 கிராம் வரையில் 5 ரூபாய் என்று 2001-இல் ஏற்பட்டது. அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அதன் ஒரு சிறு பகுதிக்குங்கூட, மேலும் 5 ரூபாய். இந்த வாசற்படியில் இடறி விழுவோர் மிகப் பலர். காகிதக் கட்டின்மேல் '80 கிராம்' என்று அச்சிட்டிருப்பர். ஒரு சதுர மீட்டர்க் காகிதத்தின் எடை அது. ஏ4 என்னும் அளவில் 16 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டராகும். ஆகவே ஒரு தாள் 5 கிராம். மூன்று தாளும், ஒரு தாளளவு காகிதத்தாற் செய்த உறையும் சேர்ந்தால் சரியாக 20 கிராம். இனிப் பசையும் தபால்தலையும் தாளைக் கோத்த கம்பியும் இருக்கின்றன! ஐப்பசி அடைமழையிலே காகிதம் ஈரத்தை உறிஞ்சி எடை கூடுவதும் உண்டு. ஆயிரம் உறைகள் இவ்வாறு ஓரிரு கிராமால் எல்லை தாண்டினால், வீணாவது 5000 ரூபாய். '70 கிராம்' காகிதத்தைக் கையாண்டால் மூன்று தாளும் சேர்ந்து 13 கிராமளவே ஆகும், அச்சமின்றி அனுப்பலாம். எடை கூடியதை அறியாது அனுப்பிவிட்டாலோ, பழைய விதிப்படி குறைந்த கூலியைப்போல் இருமடங்கு, பெறுகின்றவரிடம் வசூலிக்கப்படும். இதனைத்தான் 'பேரிங்' கடிதம் என்பர். தன் விலைப்பட்டியைப் படிக்க வாடிக்கையாளனே காசு கொடுக்குமாறு செய்யும் வணிகன் அவனை மறுமுறை காண்பது அரிது.

இனிப் பட்டைக் குறியைப்பற்றிக் கூறுவாம். ஸ்பீட் போஸ்டு உறைகளின்மேலும் பார்சல்களின்மேலும் ஒட்டப்படும் சீட்டில், தடித்தும் மெலிந்தும் நெருங்கி நிற்கும் கருங்கோடுகளை யாவரும் கண்டிருப்பர். பார்கோடு என்று வழங்குவது அதுவே. இதன் பிறப்பு வியப்பானது. அமெரிக்கரான ஜோசப் உட்லண்டு என்பவர் மயாமிக் கடற்கரை மணலில் அமர்ந்து, தாம் சிறுவயதிற் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகளை எண்ணி, புள்ளிகளையும் கோடுகளையும் விரலாற் கீழ்நோக்கி நீட்டி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாயிற்று; கோடு தடித்த கோடாயிற்று. பெர்னார்டு சில்வர் என்னும் நண்பரோடு சேர்ந்து 1952-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடையிலே முதன்முதல் அது பயன்பட்டது 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், ஓஹையோ மாநிலத்து டிராய் நகரில். விற்கப்பட்ட பொருள் ஒரு பொட்டலம் சூயிங்கம். நம் நாட்டிலே தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் முடிவெய்திற்று. தந்தி போயினும், அதன் குறிகள் நீண்டு மெலிந்து தபால் உறைகளின்மேல் இன்னும் நிற்கின்றன.

பின்கோடும் பார்கோடும் ஒன்றே எனச் சிலர் மயங்குவர். பின்கோடு ஊரின் பெயர்; பார்கோடு உறையின் பெயர். நம் நாட்டுச் சீட்டில் உள்ள குறி, அவ்வுறை எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்லாது. 'இவ்வுறை இன்னது' என்று மட்டும் சொல்லும். போகுமிடமும் எடையும் பெறுவோர் பெயரும் கணினியிலே அக்குறிக்கு நேரே பதிவாகி இருக்கும். அமெரிக்காவில் வேறுவகை. அங்கே 65 சிறு கோடுகளாலாகிய ஒரு குறியைச் சாதாரணக் கடிதத்தின்மேலும் வணிகர் அச்சிடுவர். போகவேண்டிய இடத்தின் எண்ணும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் தவறு ஒன்று உண்டு. பார்கோடு ஒட்டிவிட்டோமே, இனி முகவரியிற் பிழையிருப்பினும் இயந்திரம் கண்டுகொள்ளும் என்று எண்ணுவர். இயந்திரம் கண்டுகொள்ளாது. பட்டியலிற் பின்கோடு தவறாயிருந்தால், தவறான ஊருக்கு அவ்வுறை மிகவும் விரைவாகப் போய்ச் சேரும். அது போய்ச் சேர்ந்த நேரமும் நமக்குத் தெளிவாகத் தெரியவரும்!

இக்குறியின் அமைப்பு உலகுக்கெல்லாம் பொதுவானது. 1874-இல் பெர்ன் நகரில் ஏற்பட்டதும், 1876-இல் இந்தியா சேர்ந்ததுமான உலகத் தபால் ஒன்றியம் அதனை வகுத்திருக்கின்றது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து. பின்னர் 8 இலக்கம். அதன்பின் சோதனை இலக்கம் ஒன்று. இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஆக மொத்தம் 13. முதலெழுத்து 'ஈ' ஆயின் விரைவுத் தபால். 'ஆர்' ஆயின் பதிவுத் தபால். 'சி' ஆயின் பார்சல். நம் நாட்டின் எழுத்துக்கள் 'ஐ', 'என்'.

சோதனை இலக்கம் என்பது கணித மாணவர்க்கு இன்பம் தருவதாதலின் சற்று விரித்துரைப்போம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்பவற்றாற் பெருக்கிக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழிக்கவேண்டும். வருவதே சோதனை இலக்கம். 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்க. 10203040 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். பெருக்கத்தில் 8, 8, 9, 36 என்பனவே நிற்கும், மற்றவை சுழியம். கூட்டினால் 61. 11-ஆல் வகுக்க மீதி 6. 11-இலிருந்து கழிக்க 5. ஆகவே சீட்டில் 102030405 என்று அச்சாகும். இனி, சீட்டு நைந்து, கருவி படிக்கமாட்டாமல், குமாஸ்தா கையாலே எண்ணை அடிக்கின்றார் எனக் கொள்வோம். இரண்டாவது மூன்றாவது இலக்கங்களை இடம்மாற்றி 12003040 என்று அடித்துவிடுகின்றார். கணினி பெருக்கிக் கூட்டும், 65 வரும், மீதி 10, சோதனை இலக்கம் 1 ஆகவேண்டும். சீட்டிலோ 5 என்றிருக்கின்றது. உடனே பிழையென்று மறுத்துவிடும். (5 என்னும் விடை இருவகை மீதிகளால் வரக்கூடுமாதலின், அபூர்வமாக ஒரு பிழை தப்பிப்போதல் கூடும். எங்ஙனம் என்பதை மாணவர் தாமே ஆராய்ந்து காண்க.)

மொத்தமாக அனுப்புவோர்க்கு இலாகாவினர் ஒரு தொடரெண் வரிசையையே ஒதுக்கிக் கொடுத்து, அவர்களே சீட்டை அச்சிட்டுக்கொள்ள இடங்கொடுப்பதுண்டு. அப்போது கவனிக்கவேண்டியவை சில. படிக்கும் கருவிகளுட் பல சிவந்த ஒளியை வீசி, வெள்ளையிலிருந்து திரும்பும் ஒளிக்கும் கருமையிலிருந்து திரும்பும் ஒளிக்கும் உள்ள வேற்றுமையை அறிவன. ஆகவே அழகுக்காகச் சிவப்பு மையில் அச்சிட்டால் அக்கருவிக்குக் கோடே தெரியாது. எல்லாம் வெள்ளையாகவே தோன்றும். சிவகாசியிலே கண்ணைப் பறிக்கும் வண்ணச் சீட்டுக்களை மலிவாக அச்சிட்டுத் தருவர். பார்கோட்டுக்கு மட்டும் அந்த ஆசை ஆகாது. குறியின் இருபுறமும் வெற்றிடம் விடவேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் கருவி அதனாலேயே அறியும். பளபளக்கும் ஒட்டுநாடாவைக் குறியின்மேல் ஒட்டினால் ஒளி சிதறும். சத்திரப்பட்டிக் கட்டுத்துணிபோல உருளையாகச் சுற்றி அனுப்பும் பொருளுக்கு, கோடுகள் உருளையைச் சுற்றி வளையம்போல் அமையுமாறு சீட்டை ஒட்டவேண்டும். மாறி ஒட்டினால் குறியின் இரு ஓரமும் வளைவில் மறைந்துபோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையதாயினும், நெய் கசியும் இயல்பினது. நெய் ஊறிய காகிதத்தில் வெண்மை மங்கும். மங்கவே கருவி தடுமாறும். ஆதலின் உட்பெட்டியைக் கசிவின்றிக் கட்டி, வெளிப்பெட்டியின்மேற் சீட்டை ஒட்டுவதே தக்கது.

எவை போகலாம், எவை போகலாகா என்பதற்கும் விதி உண்டு. சிவகாசிப் பட்டாசும் தீப்பெட்டியும் தபாலில் ஏற்கப்படா, காரணம் சொல்லவேண்டுவதில்லை. இராஜபாளையத்து நாய்க்கு 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தனர். தபால்தலையின்மேல் ஏறிய அந்நாய் பார்சலுக்குள் மட்டும் ஏறலாகாது.

விகிதங்களைப்பற்றி எழுதும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்நாட்டுக் கடிதக் கூலி அட்டவணையாகச் சட்டத்தோடே சேர்ந்திருந்தது. உயர்த்தவேண்டுமாயின் பாராளுமன்றத்தில் வரவேண்டியிருந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டுத் தபாலாபீசுச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது இலாகாவின் தலைமை அதிகாரியே ஒழுங்குவிதியாக விகிதத்தை நிர்ணயிக்கலாம். பத்திரிகையில் பெருஞ்செய்தியாக வாராமலே விகிதம் மாறக்கூடுமாதலால், வணிகர் பழைய மனப்பாடத்தை நம்புதல் தகாது.

அவ்வகை மாற்றங்களுட் பெரியது 2025-இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் தபால் என்னும் தனிப்பிரிவு ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் புதிய விகிதம் வந்தது. அதன்படி 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய். உள்ளூர் எல்லை தாண்டினால் எங்கேயாயினும் 47 ரூபாய். இராஜபாளையத்திலிருந்து மதுரைக்கும் 47, டெல்லிக்கும் 47. 1854-இன் பழைய கொள்கை இங்கே மீண்டும் தலைகாட்டுதல் காண்க. 50 கிராமைத் தாண்டினால் தூரமும் சேரும். 250 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாயும், 2000 கிலோமீட்டருக்கு மேல் 77 ரூபாயும் ஆகும். பெறுபவர் கையிலேயே சேர்ப்பிக்கும் 'பதிவு' வேண்டுமாயின் மேலும் 5 ரூபாய். வரி இவற்றிற்குப் புறம்பு. மாணவர்க்கு நூற்றுக்கு 10-ம், புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளர்க்கு நூற்றுக்கு 5-ம் தள்ளுபடி உண்டு. முன்னர், 20 கிராம்வரை ஒரு ரிஜிஸ்டர் கடிதத்திற்குத் தபாற்கூலி 5-ம் பதிவுக்கூலி 17-மாக 22 ரூபாய் ஆயிற்று. அதுவே வெளியூருக்கு 52 ஆகிவிட்டது. விரைவு மிகுந்தது உண்மையே. ஆயினும் வழக்கறிஞர் அறிவிப்பும், கடன் பாக்கி நினைவூட்டலும் அனுப்பும் சிறு வணிகன் விரைவைக் கேட்கவில்லை, கையெழுத்தைத்தான் கேட்டான். அவனுக்கு வேண்டாத விரைவையும் சேர்த்தே வாங்கும்படி ஆயிற்று என்பது எம் கருத்து.

இதுகாறும் சொன்னவை வேலைக்குக் கூலி என்னும் கணக்கில் அடங்குவன. அக்கணக்கில் அடங்காத ஒரு சலுகையும் நெடுங்காலமாக இருந்து வந்தது. அது அச்சிட்ட அறிவுக்குக் காட்டிய சலுகை. பதிவுபெற்ற செய்தித்தாள் 50 கிராம் வரை 25 பைசாவுக்குப் போயிற்று. கையாளும் செலவுக்கு அது எள்ளளவும் ஈடாகாது. செய்தி மக்களிடம் பரவவேண்டும் என்பதற்காகவே அரசாங்கம் அந்நஷ்டத்தை ஏற்றது. ஆனால் 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வெளிவரவேண்டும், பெரும்பகுதி நடப்புச் செய்தியாக இருக்கவேண்டும், உண்மையான சந்தாதாரர் இருக்கவேண்டும் என்று விதி கூறிற்று. ஆண்டுக்கொருமுறை மலரும் நம் மலர் அதிற் சேராது. அடுத்தது புஸ்தகத் தபால். அச்சிட்ட நூலுக்கு 100 கிராமுக்கு 1 ரூபாய், பதிவுக்கு 17. ஒரு கிலோ நூல் 27 ரூபாய்க்கும், 5 கிலோ 67 ரூபாய்க்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. சிறு பதிப்பாளர் பலர் இதனை நம்பியே கடையின்றி வியாபாரம் நடத்தினர். 2024 டிசம்பர் 18-ஆம் நாள் இந்தப் பதிவுப் புஸ்தகத் தபால் நிறுத்தப்பட்டது. நான்கு மாதத்திற்கு மேல் அவர்கள் வேறு வழியின்றித் தவித்தபின், 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்டு' என்னும் சேவை வந்தது. வரி நீங்கலாக 300 கிராம் வரை 20 ரூபாய். ஒரு கிலோவுக்கு 35. 5 கிலோவுக்கு 100. பார்கோடு உண்டு, போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிறு நூலுக்கு இது பழுதில்லை. பழைய முறையிற் பதிவு செய்தாலும் 300 கிராமுக்கு அதே 20 ரூபாய்தான் ஆகியிருக்கும். பெருங்கட்டுக்கோ ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது.

கூலியைக் காட்டிலும் எம்மை நிறுத்தியது அதன் நிபந்தனை ஒன்று. கல்வி, பண்பாடு, சமயம் பற்றிய, வாணிக நோக்கமில்லாத அச்சுநூலே ஞான் போஸ்டில் ஏற்கப்படும். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் அதில் இருக்கவேண்டும். சிறு அறிவிப்பும் நூற்பட்டியலும் ஒழிய, விளம்பரம் இருத்தலாகாது. நம் மலரின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பார்மின்! நூலாலைகளும் துணிக்கடைகளும் பால்கோவாக் கடையும் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம் பழைய மாணவர் அன்போடு கொடுத்த அவ்விளம்பரப் பணத்தாலேயே மலர் அச்சாகின்றது. அச்சாவதற்குக் காரணமான பக்கங்களே அது மலிவாகப் போய்ச் சேர்வதற்குத் தடையாய் நிற்கின்றன. அவற்றைச் 'சிறு அறிவிப்பு' என்று வாதாடலாம். பதினான்கு பக்கத்தைச் சிறிதென்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. ஆகவே இவ்வாண்டு விளம்பரப் பக்கங்களைத் தனிப்படியாகத் தைத்து, கல்லூரிக்குள் வழங்கும் பிரதிகளோடு மட்டும் சேர்ப்பதென்றும், வெளியூர்ப் பிரதிகளை அவையின்றி 300 கிராமுக்குள் அடக்கி அனுப்பிப் பார்ப்பதென்றும் தீர்மானித்திருக்கின்றோம். விளம்பரம் கொடுத்த அன்பர்கள் பொறுத்தருள்க. அவர்தம் பெயர்கள் மட்டும் நன்றியுரையில் வரும்.

பதிவேடும் இப்போது பின்கோட்டு வரிசையில் திருத்தி எழுதப்பட்டுள்ளது. திரும்பிவந்த உறைகளுட் பெரும்பாலானவை இரண்டாம் முறை செவ்வனே போய்ச் சேர்ந்தன. சத்திரப்பட்டி உறை ஒன்று மட்டும் இன்னும் எம் மேசையின்மேல் இருக்கின்றது. எந்தச் சத்திரப்பட்டி என்பதை அதற்குரிய அன்பர் ஒரு கார்டில் எழுதித் தெரிவித்தால் நலம். ஆனால் அவ்வேண்டுகோளைத் தாங்கிய இம்மலரும் அவருக்குப் போகப்போவதில்லை. அவரை அறிந்த நண்பர் யாரேனும் சொல்லுக.